‘ஃபாலோ த்ரூ’: சொன்னதைச் செய்து முடித்தால் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லுங்கள்

கிரிக்கெட் வர்ணனையில் ‘ஃபாலோ த்ரூ’ அடிக்கடி காதில் விழும். பந்து கையை விட்டுப் போனதும் பவுலர் அப்படியே நின்றுவிடுவதில்லை. கை உடலுக்குக் குறுக்கே இறங்கிவரும், கால்கள் இன்னும் சில அடி ஓடும். தொடங்கிய அசைவை முழுசாக முடிப்பதுதான் அது. பேச்சு வழக்கிலும் இதே பொருள்தான்: சொன்னதோடு நிற்காமல் செய்து முடிப்பது.

படி 1: முன்னால் ஒரு பேச்சு இருக்கிறதா என்று பாருங்கள்

வாக்கு, திட்டம், மிரட்டல் என்று ஏதாவது ஒன்று முதலில் இருக்க வேண்டும். சும்மா சாப்பிட்டு முடித்ததற்கெல்லாம் இது வராது. மிரட்டலுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலையை விட்டுவிடுவேன் என்று சொன்னவர் நிஜமாகவே விட்டுவிட்டால், ‘ஹி ஃபாலோட் த்ரூ ஆன் ஹிஸ் த்ரெட்’.

படி 2: பின்னால் ‘ஆன்’ அல்லது ‘வித்’ போடுங்கள்

‘ஷி ஃபாலோட் த்ரூ ஆன் ஹர் ப்ராமிஸ்.’ ‘தே ஃபாலோட் த்ரூ வித் த ப்ளான்.’ இரண்டும் சரியே. எதைப் பற்றிய பேச்சு என்று முன்பே தெரிந்தால் எதுவும் சேர்க்காமல் விடலாம்: ‘ஹி டாக்ஸ் எ லாட், பட் நெவர் ஃபாலோஸ் த்ரூ.’ வாய்ச்சொல்லில் வீரர்களைப் பற்றிச் சொல்ல இதைவிடக் கச்சிதமான வாக்கியம் கிடைக்காது.

படி 3: காலத்தை ‘ஃபாலோ’வில் மட்டும் மாற்றுங்கள்

ஃபாலோட் த்ரூ, ஃபாலோயிங் த்ரூ. ‘த்ரூ’ மாறவே மாறாது.

படி 4: ‘ஃபாலோ அப்’போடு குழப்பாதீர்கள்

நம் ஆபீஸ்களில் எதற்கெடுத்தாலும் ‘ஃபாலோ அப் பண்றேன்’ என்கிறோம். அதனால் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ‘என்ன ஆச்சு சார்?’ என்று விசாரித்தால் அது ஃபாலோ அப். வேலை முடிந்ததா இல்லையா என்பது அதில் வராது. மேனேஜர் ‘ப்ளீஸ் ஃபாலோ த்ரூ ஆன் திஸ்’ என்று மெயில் போட்டால், ‘நேற்றே போன் செய்து கேட்டேன்’ என்பது பதிலாகாது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுங்கள் என்கிறார் அவர். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

பயிற்சி

‘வாடகையைக் குறைப்பதாக வீட்டு ஓனர் வாக்குக் கொடுத்தார், ஆனால் செய்யவில்லை.’ கீழே பார்க்காமல் முதலில் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

விடை: ‘த லேண்ட்லார்ட் ப்ராமிஸ்ட் டு ரெட்யூஸ் த ரென்ட், பட் டிட்ன்ட் ஃபாலோ த்ரூ.’ ‘டிட்ன்ட்’ வந்துவிட்டதால் இங்கே ‘ஃபாலோட்’ கூடாது, வெறும் ‘ஃபாலோ’தான்.