எல்லைப் போர்களில் உயர்ந்த ரஷ்யப் படை அதிகாரியின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி

காகசஸ் மலைகளிலும் மத்திய ஆசியப் பாலைகளிலும் போரிட்டுப் பதவி உயர்ந்த ஜார் காலத்து அதிகாரி ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவர்கள், பெரும்பாலும் அவரைப் புகழ்ந்து பிறர் எழுதியவற்றிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அங்கே தொடங்கினால் கடைசிவரை புகழுரையின் பிடியிலிருந்து மீள முடியாது. முதலில் கையில் எடுக்க வேண்டியது அவருடைய பணிப் பதிவேடு. ரஷ்ய மொழியில் முற்காலத்தில் ‘ஃபர்முல்யார்னி ஸ்பீசக்’ என்றும், பிற்காலத்தில் ‘பஸ்லுஷ்னோய் ஸ்பீசக்’ என்றும் அழைக்கப்பட்ட இந்த ஆவணத்தில் பிறப்பு, குலநிலை, மதம், கல்வி, பதவி உயர்வுகள், பங்கேற்ற போர்கள், காயங்கள், விருதுகள், தண்டனைகள், மனைவி மக்கள், சொத்து ஆகிய அனைத்தும் ஒழுங்கான கட்டங்களில் எழுதப்பட்டிருக்கும். இவற்றின் பெருந்தொகுதி மாஸ்கோவிலுள்ள ரஷ்ய அரசு இராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே செல்ல இயலாதவர்கள் அச்சில் வந்த பதவி மூப்புப் பட்டியல்களையும் ரெஜிமென்ட் வரலாறுகளையும் கொண்டே பெரும்பகுதியைக் கட்டி எழுப்பலாம்.

ஒரு தாளில் நெடுக்காக நான்கு பத்திகள் (கட்டங்கள்) போட்டுக்கொள்ளுங்கள்: பழைய தேதி, புதிய தேதி, பதிவேட்டின் சொற்கள், களத்தில் நடந்தது. நான்காவது பத்தி நெடுநாள் வெறுமையாகவே கிடக்கும். அதை நிரப்புவதுதான் உண்மையான வேலை.

தேதியை முதலில் சீர்செய்ய வேண்டும். ரஷ்யா 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. எனவே 19ஆம் நூற்றாண்டின் ரஷ்யத் தேதியோடு 12 நாட்களையும், 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதியோடு 13 நாட்களையும் கூட்டினால் நாம் வழங்கும் தேதி கிடைக்கும். ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட காகசஸ் மலைமக்களின் தலைவர் இமாம் ஷாமில் குனீப் மலையில் சரணடைந்த நாள் ரஷ்ய ஆவணங்களில் 1859 ஆகஸ்ட் 25. நமக்கு அது செப்டம்பர் 6. ஜெனரல் கமரோவின் படை ஆப்கானியர்களைத் தாக்கிய பஞ்ச்தே சண்டையை ரஷ்யர்கள் 1885 மார்ச் 18 என்பார்கள், லண்டன் நாளேடுகள் மார்ச் 30 என்றன. நான் தொடக்கத்தில் இவற்றை இரண்டு மோதல்களாக எண்ணி, இடைப்பட்ட பன்னிரண்டு நாட்களில் படை என்ன செய்திருக்கும் என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

அடுத்தது ஆளை அடையாளம் காண்பது. ஒரே குடும்பப் பெயருடைய பலர் படையில் இருந்ததால், மூப்பு வரிசைப்படி ‘இவானோவ் 1’, ‘இவானோவ் 2’ என்று எண்ணிட்டார்கள். மூத்தவர் விலகினால் எண் மாறக்கூடும் என்பதால், எண்ணை நம்பாமல் தந்தைவழிப் பெயரையும் ரெஜிமென்ட்டையும் சேர்த்தே பாருங்கள். ஊர்ப்பெயர்களும் இதே தொல்லையைத் தரும். அக்-மெச்செத் கோட்டை 1853இல் ஜெனரல் பெரோவ்ஸ்கியின் கையில் வீழ்ந்ததும் அவர் பெயரையே பெற்றது. இன்று அது கிசில்ஓர்தா. வெர்னி இன்றைய அல்மாட்டி, தெமிர்-கான்-ஷூரா இன்றைய புயினாக்ஸ்க், கிராஸ்னவோத்ஸ்க் இன்றைய துர்க்மென்பாஷி. தொலைவு ‘வெர்ஸ்ட்’ கணக்கில் இருந்தால் அதைக் கிலோமீட்டராகவே கொண்டாலும் பெரிய பிழை வராது. ஒரு வெர்ஸ்ட் 1.067 கிலோமீட்டர்.

இனிப் பதவிப் படிகள். மகா பீட்டர் 1722இல் வகுத்த பதவி அட்டவணையில் 14 வகுப்புகள் உண்டு. காலாட்படையில் பிராபர்ஷிக், போத்பருச்சிக், பருச்சிக், ஷ்டாப்ஸ்-கேப்டன், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல் என ஏறி மேஜர் ஜெனரல் நிலையை அடைவார்கள். குதிரைப்படையில் தொடக்கப் பதவி கார்னெட். கொசாக்குகளுக்குக் கரூன்ஷி, சோத்னிக், எசவூல் என்று தனி வரிசை. இரண்டு இடங்களில் தவறு நேரும். பேரரசரின் கார்டு படையில் இருந்த அதிகாரி, அதே பெயருள்ள பதவியில் சாதாரணப் படையில் இருந்தவரைவிட உயர்ந்த வகுப்பினர். ஆகவே கார்டிலிருந்து எல்லைப் படைக்கு மாறும்போது திடீரென்று பதவி கூடியதைப் போர்ச் சாதனை என்று எழுதிவிடக் கூடாது. அதேபோல 1884 சீர்திருத்தத்தில் மேஜர் பதவி ஒழிக்கப்பட்டு, இருந்த மேஜர்கள் லெப்டினன்ட் கர்னல்கள் ஆக்கப்பட்டார்கள். அந்த ஆண்டின் ‘உயர்வு’ பெயர் மாற்றமாக மட்டும் இருக்கலாம்.

பதவி ஏற்றம் வெறும் சம்பள விவகாரமன்று. 1845க்கு முன் முதல் அதிகாரிப் பதவியே பரம்பரைப் பிரபு நிலையைத் தந்தது; 1845இல் அந்த வாசல் மேஜர் பதவிக்கும், 1856இல் கர்னல் பதவிக்கும் உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் குலநிலை தந்தையின் தோள்பட்டையிலிருந்த பதவிச் சின்னத்தைச் சார்ந்திருந்த சமூகத்தில், எந்தப் படிக்கட்டு வேகமாக ஏற்றும் என்பதை இளம் அதிகாரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அந்தப் படிக்கட்டு எது என்பதைப் பதிவேட்டின் ஒரு சொற்றொடர் காட்டிக்கொடுக்கும். உயர்வு எதற்காக வந்தது என்று பாருங்கள். ‘பணியாண்டு நிறைவுக்காக’ என்றிருந்தால் அது காத்திருந்து பெற்றது. ‘காலியிடத்தில்’ என்றிருந்தால் மேலே ஒருவர் இறந்தார் அல்லது விலகினார். ‘சிறப்புச் செயலுக்காக’, அதாவது ரஷ்யத்தில் ‘ஸா அத்லீச்சியே’ என்றிருந்தால் அது போர்க்களத்தில் பெற்றது. காகசஸ் அதிகாரிகளின் ஏடுகளில் ‘மலைவாசிகளுக்கு எதிரான செயல்களில் காட்டிய சிறப்புக்காக’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய உயர்வில் ஆணை வெளியான நாள் ஒன்றாகவும், பதவி மூப்பு கணக்கிடப்படும் நாள் வேறாகவும் இருக்கும். மூப்பு நாள் பெரும்பாலும் சண்டை நடந்த நாளே. எந்தச் சண்டை என்று ஏடு சொல்லாதபோது, இந்த மூப்பு நாளைப் படைகளின் நாட்குறிப்போடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள திறவுகோல் இல்லை.

சிறப்புச் செயலுக்கு உயர்வு உண்டு என்றால், சண்டை இல்லாத எல்லையில் உயர்வும் அரிது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மிகயீல் செர்னியாயெவின் பணியைப் பாருங்கள். 1864இல் சிம்கெந்தைப் பிடித்த அவர், அதே ஆண்டு தாஷ்கெந்தைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். நவம்பரில் வெளியுறவு அமைச்சர் கர்ச்சக்கோவ், ரஷ்யா ஓர் உறுதியான எல்லைக்கோட்டில் நின்றுகொள்ள விரும்புகிறது என்று ஐரோப்பிய அரசுகளுக்கு விளக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். 1865 ஜூனில் ஏறக்குறைய 1,900 வீரர்களோடும் 12 பீரங்கிகளோடும் செர்னியாயெவ் கட்டளையை மீறித் தாஷ்கெந்தைப் பிடித்தார். எதற்காக என்று யாருக்கும் தெரியவில்லை என உள்துறை அமைச்சர் வலூயெவ் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். மறு ஆண்டே செர்னியாயெவ் திரும்ப அழைக்கப்பட்டாலும் ஊரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1867இல் அது துர்க்கெஸ்தான் ஆளுநர் பகுதியின் தலைநகரானது. 1882இல் அதே பகுதிக்குத் தலைமை ஆளுநராகவும் அவர் வந்து சேர்ந்தார். கட்டளையை மீறியவர் வென்றால் கணக்கு நேராகிவிடும் என்ற பாடத்தை மற்ற அதிகாரிகள் கற்காமலா இருந்திருப்பார்கள்?

விருதுகளைப் படிக்கும்போது அவை எந்த வரிசையில் வந்தன என்று பார்க்க வேண்டும். புனிதர்களின் பெயரிலமைந்த விருதுகளின் வழக்கமான ஏணி ஸ்தனிஸ்லாவ், அன்னா, விளதீமிர் எனச் செல்லும். போருக்காகக் கொடுத்தவற்றில் ‘வாள்களுடன்’ என்ற சேர்க்கை இருக்கும்; 1855 முதல் இது விதியானது. வாள் குறிப்பு இல்லையேல் அது அலுவலகப் பணிக்கானதாக இருக்கலாம். நான்காம் வகுப்பு அன்னா விருதை வாளின் பிடியில் பதிப்பார்கள்; அதன் செந்நிறத்தைக் கண்டு ‘குருதிநெல்லி’ என்று படையினர் கேலியாக அழைத்தார்கள். 1769இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் விருதே எல்லாவற்றிலும் மதிப்புடையது. ஆனால் 1855 வரை அதன் நான்காம் வகுப்பை 25 ஆண்டுப் பணிக்காகவும் கொடுத்தார்கள் என்பதை மறந்தால், அமைதியான கிழவரை மாவீரராக எழுதிவிடுவோம். 1844 முதல் கிறிஸ்தவர் அல்லாதோருக்கான விருதுகளில் புனிதரின் உருவத்துக்குப் பதில் இரட்டைத்தலைக் கழுகு இருந்தது. ஜார்ஜ் விருதிலுள்ள குதிரைவீரனை எதிர்பார்த்த மலைவீரர்கள் ‘எங்களுக்கு மட்டும் ஏன் பறவை?’ என்று குறைப்பட்டதாக ஒரு கதை உண்டு.

போர்ப் பதக்கங்களில் சொற்களையும் உலோகத்தையும் கவனியுங்கள். 1881இல் துர்க்மென்களின் கோட்டையான கியோக்-தெப்பேயைப் பிடித்ததற்காக வெளியான பதக்கம், கோட்டைத் தாக்குதலில் இருந்தவர்களுக்கு வெள்ளியிலும், பின்புலத்தில் இருந்தவர்களுக்கு வெண்கலத்திலும் தரப்பட்டது. ‘மத்திய ஆசியப் படையெடுப்புகள், 1853–1895’ பதக்கம் 1896இல்தான் உருவானது. அதைப் பெற்றவர் அந்த ஆண்டில் எங்கும் போரிட்டிருக்கத் தேவையில்லை.

விருது வந்தது என்பதால் வெற்றி வந்தது என்றும் கொள்ளக் கூடாது. 1845இல் காகசஸ் தலைமை ஆளுநர் வரன்த்சோவ், ஷாமிலின் இருப்பிடமான தார்கோவை நோக்கிப் பெரும்படையோடு சென்றார். ஊரை ஷாமில் தாமே எரித்துவிட்டுக் காட்டுக்குள் ஒதுங்கினார். உணவு தீர்ந்தபோது பொருள் கொண்டுவர அனுப்பிய பிரிவு, மரங்களை வெட்டி மறித்த காட்டுப்பாதையில் போகும்போதும் வரும்போதும் அடிபட்டது. அதை வீரர்கள் ‘ரஸ்க் படையெடுப்பு’ என்று கசப்போடு அழைத்தார்கள். படையெடுப்பு முழுவதிலும் மூன்று ஜெனரல்கள் மாண்டார்கள். இறந்தோரும் காயமுற்றோரும் மூவாயிரத்துக்கு மேல். வரன்த்சோவுக்கு அதே ஆண்டு இளவரசர் பட்டம் கிடைத்தது.

இப்போது நான்கு பத்தித் தாளை ஒருவருக்கு நிரப்பிப் பார்ப்போம். மிகயீல் ஸ்கோபெலெவ் 1843இல் பிறந்தவர்; தந்தையும் பாட்டனும் ஜெனரல்கள். 1863இல் கார்டு குதிரைப்படையில் கார்னெட். 1868இல் தலைமைப் படைத்துறை அகாதெமியில் தேர்ச்சி. அதே ஆண்டு இறுதியில் துர்க்கெஸ்தானுக்கு மாற்றம். 1873இல் மத்திய ஆசிய அரசான கீவா மீதான படையெடுப்பில் லெப்டினன்ட் கர்னல். மே 29 (ஜூன் 10) அன்று நகரின் ஒரு பக்கத்தில் தலைமை ஆளுநர் காவ்ஃப்மன் சரணடைவு பேசி அமைதியாக உள்ளே நுழையவிருந்த வேளையில், மறுபக்கத்தில் ஷாகாபாத் வாயிலைத் தாக்கி நுழைந்தவர்களில் ஸ்கோபெலெவ் ஒருவர். மூன்றாவது பத்தியில் ‘கீவாவைக் கைப்பற்றியதில் பங்கு’ என்று எழுதலாம். நான்காவதில், அந்தத் தாக்குதலுக்குத் தேவையே இருந்ததா என்ற கேள்வியைக் குறிக்க வேண்டும். சில வாரங்களில் துர்க்மென் வேடத்தில் பாலைவழியை உளவு பார்த்ததற்காக நான்காம் வகுப்பு ஜார்ஜ் விருது. 1874இல் கர்னல், 1875இல் கோக்கந்த் போரில் மேஜர் ஜெனரல், 1876இல் பெர்கானாவின் இராணுவ ஆளுநர். 1877 துருக்கிப் போரில் லெப்டினன்ட் ஜெனரல். 1881 ஜனவரி 12 (24) அன்று கியோக்-தெப்பே கோட்டையின் மண்சுவருக்கு அடியில் வெடிவைத்துத் தகர்த்து நுழைந்தார். காலாட்படை ஜெனரல் பதவியும் இரண்டாம் வகுப்பு ஜார்ஜும் வந்தன. வயது 37. அடுத்த ஆண்டே மாஸ்கோவில் இறந்தார்.

ஜனவரி 12க்கு எதிரே நான்காவது பத்தியில் எழுத வேண்டியது எளிதன்று. கோட்டை வீழ்ந்த பின் தப்பியோடிய தெக்கே துர்க்மென்களைக் குதிரைப்படை பல கிலோமீட்டர் துரத்தி வெட்டியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பதிவேடு இதற்கும் ‘சிறப்புச் செயல்’ என்றே பெயரிடும். ‘மேற்குக் காகசஸை அடக்கியதற்காக’ என்ற பதக்கத்துக்குப் பின்னால், 1864இல் கருங்கடல் கரையிலிருந்து ஒட்டோமான் நாட்டுக்குத் துரத்தப்பட்ட இலட்சக்கணக்கான செர்க்கேசியர்கள் இருக்கிறார்கள். ஆகவே மறுதரப்புச் சான்றுகளையும் தேடுங்கள். ஷாமிலின் எழுத்தராக இருந்தவர் அரபியில் எழுதிய வரலாறு இருக்கிறது. ரஷ்ய அறிக்கை ‘கலகக்கார ஊர்’ என்று கடந்துசெல்லும் இடத்தில் அது ஆட்களின் பெயரைச் சொல்லும்.

இரு தரப்பையும் ஒரே உடலில் சுமந்தவர்களும் உண்டு. 1839 அக்கூல்கோ முற்றுகையில் பிணையாகக் கொடுக்கப்பட்ட ஷாமிலின் மகன் ஜமாலுத்தீன், ரஷ்யக் கேடட் பள்ளியில் படித்து ரஷ்ய அதிகாரியே ஆகி, 1855இல் சிறைபிடிக்கப்பட்ட ஜார்ஜிய இளவரசிகளுக்கு மாற்றாகத் தந்தையிடம் அனுப்பப்பட்டார். தாகெஸ்தானின் குன்ஸாக்கில் பிறந்த அவார் இனத்து மக்சூத் அலிகானொவ், துவந்த யுத்தம் செய்ததற்காக மேஜர் பதவியிலிருந்து சாதாரணச் சிப்பாயாக இறக்கப்பட்டு, மீண்டும் ஏறி, 1884இல் துர்க்மென் பாலைச்சோலையான மெர்வ் ரஷ்யப் பேரரசோடு சேர்க்கப்பட்டதில் பெரும்பங்கு வகித்தார். இத்தகையவரின் தண்டனைக் கட்டத்தைத் தாண்டிப் போனால் பதவி வரிசை பொருந்தவே பொருந்தாது. இறக்கப்பட்டவர் திரும்ப ஏறும்போது அதே பதவிப் பெயர்கள் இரண்டாம் முறை வரும்.

இறுதியில் கல்லறைக் கல்லோடு ஒப்பிடுங்கள். ஓய்வு பெறும்போது அடுத்த பதவியையும், சீருடை அணியும் உரிமையையும், ஓய்வூதியத்தையும் சேர்த்து அளிப்பது வழக்கம். எனவே கல்லில் ‘மேஜர் ஜெனரல்’ என்றிருப்பவர் ஒரு நாள்கூட ஜெனரலாகப் படை நடத்தாத கர்னலாக இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்தால், கட்டுரை முழுவதும் அவரைக் கர்னல் என்றே குறிப்பிட்டு, ஓய்வு நாளில் மட்டும் அந்தக் கடைசிப் பதவியைச் சேர்க்க வேண்டும்.