கருஞ்சீரக எண்ணெய் கிருமியைத் தடுக்கிறதா? அகர் பிளேட்டில் பார்க்கும் முறை

டெல்லியில் மைக்ரோபயாலஜி படிக்க வந்திருக்கும் நம்ம பிள்ளைகளுக்காக இது. கல்லூரி லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். வாடகை வீட்டு அடுப்படியில் பாக்டீரியா வளர்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

விதையும் எண்ணெயும்

காரி பாவ்லி மசாலாச் சந்தையில் கருஞ்சீரகத்தை 'கலோஞ்சி' என்று கேளுங்கள். மங்கிய கறுப்பில், மூன்று பட்டையாக இருக்கும். மெலிந்து நீண்டு வளைந்திருந்தால் அது ஷாஜீரா; வேறு செடி.

சூடுபடுத்தாமல் ஆட்டிய எண்ணெய்தான் நல்லது. சாக்ஸ்லெட்டில் (கொதிக்கும் கரைப்பானால் எண்ணெய் பிரிக்கும் கருவி) ஹெக்சேன் ஊற்றி எடுத்தால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் கிருமியைத் தடுக்கும் முக்கியப் பொருளான தைமோகுயினோன் ஆவியாகக்கூடியது. சூட்டிலும் வெளிச்சத்திலும் குறைந்துவிடும். பழுப்புக் குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் லினோலெயிக், அடுத்து ஒலெயிக், கொஞ்சம் பால்மிடிக். துல்லியமாகத் தெரிய, மெத்தில் எஸ்டராக மாற்றி கேஸ் குரோமட்டோகிராஃபியில் (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) ஓட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்க்க டெல்லிக் குளிரே போதும். ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், நிறைவுற்ற வகை. பக்கத்திலேயே கருஞ்சீரக எண்ணெய் வழவழவென்று ஓடும்.

பிளேட்

முல்லர்-ஹின்டன் அகரை (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி ஊடகம்) 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), 45–50 டிகிரிக்கு ஆறியதும் 4 மி.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை என்ற இரண்டு பாக்டீரியாவையும் தனித்தனியே 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற அளவுக் கலங்கலுக்குக் கொண்டுவந்து (மி.லி.க்குச் சுமார் 15 கோடி செல்), ஸ்வாபால் மூன்று திசையிலும் தடவுங்கள். 6 மி.மீ. குழி வெட்டுங்கள்.

எண்ணெய் நீரில் கலக்காது. துளி ட்வீன் 80 சேர்த்துக் குழம்பாக்கி 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். ஒரு குழியில் வெறும் ட்வீன் நீர். இன்னொன்றில் அதேபோல் குழம்பாக்கிய ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய். இதைப் பலரும் வைப்பதில்லை, நான் விடவே மாட்டேன்: அதிலும் லினோலெயிக் நிறைய உண்டு, தைமோகுயினோன் கிடையாது. குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் எதனால் வந்தது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் டிஸ்க் ஒன்றும் வையுங்கள்.

பிளேட்டைக் கவிழ்க்கும் பழக்கம் இங்கே ஆகாது, குழியில் இருப்பது வழிந்துவிடும். நிமிர்த்தியே 35 டிகிரியில் 16–18 மணி நேரம்.

அளப்பது

பின்பக்கமிருந்து ஸ்கேலால், குழியையும் சேர்த்து வளையத்தின் குறுக்களவை அளங்கள். ஈ.கோலையில் வளையம் சிறுத்தோ இல்லாமலோ போகலாம். அது போன்ற கிராம் நெகட்டிவ் வகைக்கு வெளிச்சவ்வு ஒரு கூடுதல் காவல். தவிர, எண்ணெய் அகருக்குள் சரியாகப் பரவாது. அதனால் சின்ன வளையத்தை வைத்துப் பலவீனமான எண்ணெய் என்று எழுதிவிடாதீர்கள். குழித்தட்டில் எண்ணெயைத் திரவ ஊடகத்தோடு படிப்படியாக நீர்க்க வைத்து, ரெசாசுரின் என்ற சாயம் விட்டுப் பாருங்கள். குழம்பின் கலங்கலில் கண் ஏமாறும், நிறம் தெளிவாகக் காட்டும்: பாக்டீரியா உயிரோடிருந்தால் நீலம் ரோஸாகும். நீலமாகவே நின்ற குழிகளில் மிகக் குறைந்த செறிவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா பிளேட்டையும் மறுபடி ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு.