கோடு தொடரும் ரோபோ: முதல் தடவை போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ரோபோ அணிகளோடு கதைத்தால் முதலில் வருவது "எந்த போர்ட் வாங்கலாம்?" என்ற கேள்விதான், அதாவது ரோபோவின் மூளையாக வைக்கும் சிறு கணினிப் பலகை எது என்று. அதைப் பிறகு பார்ப்போம். கறுப்பு ரேப் ஒட்டிய வெள்ளைத் தளத்தில் ஓடும் ரோபோவுக்குப் பாரம் எங்கே இருக்கிறது, சென்சர் எங்கே இருக்கிறது, புரோகிராம் சென்சரை வாசித்து மோட்டரைத் திருத்தும் ஒரு சுற்றை எவ்வளவு கெதியாக முடிக்கிறது என்ற மூன்றும்தான் முக்கியம்.

முதலில் உடல். பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒரு உருளும் குண்டு, அவ்வளவு போதும். பற்றரியைச் சக்கரங்களுக்கு நேர் மேலே வையுங்கள், அப்போதுதான் ரயர் வழுக்காது. சென்சர் வரிசை சக்கர அச்சிலிருந்து சற்று முன்னால் நிற்க வேண்டும். அச்சோடு ஒட்டி வைத்தால் வளைவு தெரியும்போது ரோபோ ஏற்கனவே கோட்டை விட்டிருக்கும், ஆகலும் தள்ளி வைத்தால் மூக்கு இரண்டு பக்கமும் ஆடும். நடுவில் ஓர் இடத்தை ஓட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்பதால், பசை போடாமல் ஸ்கூறு துளையை நீளமாக வெட்டிவிடுங்கள்.

அடுத்தது சென்சர். அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கும் டிசிஆர்டி5000 சென்சர் ஐந்து இருந்தால் நல்ல தொடக்கம். தரையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரம், இடைவெளி ஒரு சென்ரிமீட்டர் சொச்சம். ரேப்பின் அகலம் கிட்டத்தட்ட 2 சென்ரிமீட்டர் என்பதால் எப்போதும் ஒன்றிரண்டு சென்சர் கோட்டின் மேல் இருக்கும். எங்கள் ஊர் வெயிலில் ஒரு விஷயம் கவனம்: சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு, யன்னலோரம் வைத்த தளத்தில் சென்சர் குழம்பும். சென்சரைச் சுற்றிவரக் கறுப்பு அட்டை ஒட்டுங்கள்.

மோட்டர் டிரைவரில் (போர்ட் சொல்வதுபோல மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை) பலரும் எல்298என்-ஐத்தான் வாங்குகிறார்கள், கடையில் கிடைப்பதும் அதுதான். ஆனால் அதற்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ட் வீணாகும். இரண்டு 18650 லித்தியம் செல்லைத் தொடராகப் போட்டால் வரும் 7.4 வோல்ட்டில் இது பெரிய இழப்பு. என்20 போன்ற சிறிய மோட்டருக்கு டிபி6612 வாங்குங்கள்: ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து 1.2 ஆம்பியர் தாங்கும், சூடும் குறைவு. செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடவேண்டாம்.

இப்போது போர்ட். ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ தாராளமாகப் போதும். ஒரு அனலொக் வாசிப்புக்கு, அதாவது ஒரு சென்சரின் அளவை எண்ணாக எடுக்க, 100 மைக்ரோசெக்கன் அளவில் எடுக்கும், ஐந்து சென்சருக்கும் அரை மில்லிசெக்கன். ஈஎஸ்பி32 இதைவிடப் பல மடங்கு வேகம்தான், ஆனால் புளூடூத்தில் அளவுகளை மாற்றிப் பார்க்க விரும்பினால் ஒழிய முதல் ரோபோவுக்கு அது தேவையில்லை.

சரி, புரோகிராம். இடமிருந்து வலமாகச் சென்சர்களுக்கு 0, 1000, 2000, 3000, 4000 என்று எடை கொடுங்கள். ஒவ்வொரு வாசிப்பையும் (கறுப்புக்குப் பெரிய எண் வருமாறு) அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, வாசிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கோடு நிற்கும் இடம் வரும். அதிலிருந்து 2000-ஐக் கழித்தால் பிழை. திருத்தம் என்பது கேபி தர பிழை, அதோடு கேடி தர இந்தப் பிழைக்கும் முந்தைய பிழைக்கும் உள்ள வித்தியாசம்; கேபி, கேடி இரண்டும் நீங்களே ஓட்டிப் பார்த்துத் தெரியும் எண்கள். இடது மோட்டரின் வேக எண்ணோடு திருத்தத்தைக் கூட்டுங்கள், வலதின் வேக எண்ணிலிருந்து கழியுங்கள், விடையை 0 முதல் 255-க்குள் அடக்குங்கள்.

ரியூன் செய்யும்போது, அதாவது கேபி, கேடி எண்களைச் சரிப்படுத்தும்போது, அவசரப்படாதீர்கள். கேடியைப் பூச்சியமாக்கி, மெதுவான வேகத்தில் கேபியை 0.05-இல் தொடங்கி, ரோபோ கோட்டை விடாமல் ஆனால் ஆடிக்கொண்டு போகும்வரை கூட்டுங்கள். அப்புறம் கேபியின் பத்து மடங்கில் கேடியைத் தொடங்கி, ஆட்டம் அடங்கும்வரை ஏற்றுங்கள். வேகத்தைக் கூட்டினால் இரண்டையும் திரும்பப் பார்க்க வேண்டும். பற்றரி இறங்கினாலும் ஓட்டம் மாறும், ஆகவே முழுச் சார்ஜில் ரியூன் செய்து முழுச் சார்ஜிலேயே ஓட விடுங்கள்.

புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) போடவே கூடாது. அதைவிடப் பலர் கவனிக்காதது சீரியலில், அதாவது கணினித் திரைக்கு, எண் அச்சிடுவது. செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெக்கன் போகும். ஒவ்வொரு சுற்றிலும் 20 எழுத்து அச்சிட்டால் எழுத்துகள் வரிசையில் நிற்கும் பஃபர் நிரம்பி, புரோகிராம் 20 மில்லிசெக்கன் காத்து நிற்கும். செக்கனுக்கு ஒரு மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் 2 சென்ரிமீட்டர் போய்விடும், அதாவது ரேப்பின் முழு அகலம்! சோதனை முடிந்ததும் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.

கூரான மூலையில் எல்லாச் சென்சரும் வெள்ளையைக் காட்டினால், கடைசியாகக் கோடு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே திரும்பச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மாறி போதும். போட்டி மண்டபத்தில் முதல் வேலை, சென்சரைக் கோட்டின் குறுக்கே நகர்த்தி ஒவ்வொன்றின் குறைந்த, கூடிய அளவுகளைப் புதிதாக எடுப்பது; வீட்டு விறாந்தையில் எடுத்த எண்கள் அந்த வெளிச்சத்துக்குச் சரிவராது.