மேடையில் சீக்வென்சரையும் சிந்தசைசர்களையும் மிடி வழியாக இணைத்தல்

மின்னணு இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் பொது முறைதான் மிடி. மிடி கேபிளில் ஓசை செல்வதில்லை. எந்தச் சுரம் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் ஒலிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் செல்கின்றன. ஆகவே, மின்னணு முறையில் ஓசையை உருவாக்கும் ஒவ்வொரு சிந்தசைசரிலிருந்தும் மிக்சருக்குத் தனி ஆடியோ கேபிள் போயாக வேண்டும். 1983-இல் புரோஃபெட்-600, ரோலண்ட் ஜூப்பிட்டர்-6 ஆகிய இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை இணைத்துப் பொதுவில் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து இதன் அடிப்படை மாறவே இல்லை என்பதால், பழைய கீபோர்டையும் சென்ற மாதம் வாங்கிய சீக்வென்சரையும் (பதிந்து வைத்த சுரங்களைத் தானே ஓட்டும் கருவி) இன்றைக்கும் தயக்கமின்றிச் சேர்த்து வாசிக்கலாம்.

சீக்வென்சரின் அவுட் துளையிலிருந்து முதல் சிந்தசைசரின் இன் துளைக்கு ஒரு கேபிளைக் கொடுங்கள். அடுத்த சிந்தசைசருக்கு முதலாவதின் த்ரூ துளையிலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, அவுட்டிலிருந்து எடுக்கக் கூடாது; இன் வழியாக வந்ததை அப்படியே கடத்துவது த்ரூ, அந்தக் கீபோர்டில் நாம் வாசிப்பதை வெளியே அனுப்புவது அவுட். "இரண்டாவது சின்த் பேசவில்லை" என்று என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தால் வந்தவைதாம். மூன்று கருவிகளுக்கு மேல் இப்படித் தொடராகக் கோத்தால் துடிப்புகளின் வடிவம் சிறிது சிறிதாகச் சிதையும். அதற்குத் த்ரூ பாக்ஸ் ஒன்றை வாங்கி, எல்லாக் கருவிகளுக்கும் அதிலிருந்தே நேராகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஒரு கேபிளின் நீளம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. 3.5 மி.மீ. துளை உள்ள சிறு கருவிகளில் ஏ வகை, பி வகை என இரண்டு விதமான இணைப்பு உண்டு. 2018-இல் ஏ வகையே தரமாக அறிவிக்கப்பட்டது என்றாலும், அதற்கு முந்தைய கருவிகளைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். கணினிக்கென்று யூஎஸ்பி துளை வைத்த இரண்டு கருவிகளை நேரடியாக இணைத்தால் ஒன்றும் நடக்காது. இடையில், கணினியின் இடத்தில் நின்று இரண்டையும் பேச வைக்கும் யூஎஸ்பி ஹோஸ்ட் ஒன்று தேவை.

அடுத்து, சேனல். எந்தக் கட்டளை எந்தக் கருவிக்கு என்று பிரித்துக் காட்டும் எண்தான் அது; ஒரு கேபிளில் 16 சேனல்கள் உண்டு. பேஸுக்கு 2, ஸ்ட்ரிங்ஸுக்கு 3, டிரம்ஸுக்கு 10 என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சீக்வென்சரின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஏதேனும் ஒரு சிந்தசைசர் ஓம்னி நிலையில் இருந்தால் அது எல்லாச் சேனலையும் கேட்டு, டிரம்ஸுக்கு வந்த கட்டளைகளைக்கூட ஸ்ட்ரிங்ஸில் வாசிக்கும். கையால் வாசிக்கும் கீபோர்டு சீக்வென்சர் வழியாகச் சுற்றித் தன்னிடமே திரும்பும்படி இணைத்திருந்தால், அதன் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகள் தம் கருவியின் ஓசையை நேரடியாக எழுப்பும் இணைப்பை) அணைத்து விடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரமும் இரட்டித்து ஒலிக்கும்.

மேடையில் காலை வாருவது பெரும்பாலும் கிளாக்தான், அதாவது எல்லாக் கருவிகளையும் ஒரே வேகத்தில் ஓட வைக்கும் துடிப்பு. ஒரு கால் நோட்டுக்கு (குவார்ட்டர் நோட்) 24 துடிப்புகள் என்பது மிடியின் கணக்கு. அதை ஒரே ஒரு கருவிதான் அனுப்ப வேண்டும், மற்றவை அனைத்தும் அதைப் பின்பற்றும் எக்ஸ்டெர்னல் கிளாக் நிலையில் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் குத்துப் பாட்டுகளில் பல மூன்று மூன்றாகப் பிரியும் 6/8 நடையில் ஓடுவதால், இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. காலால் தட்டும் அடியைக் கால் நோட்டாக வைத்து மூன்றாகப் பிரித்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் 8 துடிப்புகள் கிடைக்கும். கால் நோட்டில் பாதியான எட்டாம் நோட்டுகளாக எழுதினால், ஒவ்வொன்றுக்கும் 12 துடிப்புகள் வீதம் ஓர் அடிக்கு 36 துடிப்புகள் ஆகும். அப்போது காலால் தட்டும்போது நிமிடத்துக்கு 120 அடி என்று தோன்றும் வேகத்தைக் கருவியில் 180 என்று வைக்க வேண்டும். இரண்டு முறையும் சரிதான். ஆனால் டிரம்ஸை முதல் முறையிலும் ஆர்ப்பெஜியோவை (ஒரு கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) எட்டாம் நோட்டிலும் அமைத்துவிட்டால், மூன்றுக்கு எதிராக இரண்டு ஓடி, தாளம் பிடிப்பவர் நம்மை முறைப்பார். உறுமியோ தவிலோ உடன் வாசித்தால், அவர்களுக்கு ஹெட்ஃபோனில் அடியைக் காட்டும் கிளிக் ஒலி கொடுக்க வேண்டும். கிளிக்குக்குப் பழகாத கலைஞர் என்றால், அந்தப் பாட்டுக்குச் சீக்வென்சரை நிறுத்திவிட்டுக் கையால் வாசிப்பதே மரியாதை.

பாட்டு மாறும்போது ஓசையையும் மாற்ற புரோகிராம் சேஞ்ச் அனுப்பலாம். சில கருவிகள் 0-இலிருந்தும் சில 1-இலிருந்தும் எண்ணுவதால், ஒன்று தள்ளி வேறு ஓசை வந்து நின்றால் பதற வேண்டாம். அந்தக் கட்டளையைப் பாட்டின் முதல் அடியிலேயே வைக்காமல், ஓர் அடியாவது முன்னால் வையுங்கள். மிடியில் நொடிக்கு 31,250 பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்வதால், ஒரு சுரத்துக்குச் சுமார் 1 மில்லிநொடி ஆகிறது. குமிழ் அசைவுகளை அளவில்லாமல் பதிவு செய்து நெரிசலை உண்டாக்கினால், பேஸும் டிரம்ஸும் ஒட்டாமல் ஒலிக்கும்.

மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிய அந்த ஒரு கணத்தில் எங்கள் கருவிகள் எல்லாம் அணைந்து எழுந்தன. சீக்வென்சர் ஒழுங்காக வந்துவிட்டது. சிந்தசைசரோ, நான் மாற்றிய சேனலைச் சேமிக்காததால் சேனல் 1-க்குத் திரும்பி, பேஸ் இல்லாமல் அரைப் பாட்டு ஓடியது. சேனலையும் கிளாக்கையும் மாற்றியவுடன் கருவியின் பொது அமைப்புகள் இருக்கும் குளோபல் பக்கத்தில் சேவ் செய்யும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது. கருவிகளுக்கென்று ஒரு சிறிய யூபிஎஸ் இருப்பதும் வீண் செலவல்ல. அனலாக் சிந்தசைசராக இருந்தால், சித்திரை வெயிலில் வேனிலிருந்து இறக்கியவுடன் சுருதி சேர்க்காமல், அரை மணி நேரம் ஓட விட்டுச் சூடு ஒரு நிலைக்கு வந்தபின் சேர்க்க வேண்டும்.

பாட்டின் நடுவே கேபிள் கழன்றால், சுரத்தை அடக்கும் கட்டளை போய்ச் சேராமல் ஓசை நீண்டுகொண்டே இருக்கும். முதலில் மிக்சரில் அந்தக் கருவியின் ஃபேடரை (ஓசை அளவை மாற்றும் நெம்பை) இறக்குங்கள். பிறகு கேபிளைச் செருகி, சீக்வென்சரில் எல்லாச் சுரங்களையும் அடக்கும் பேனிக் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் ஆல் நோட்ஸ் ஆஃப் என்னும் 123-ஆம் கன்ட்ரோலரை ஒரு காலி பேட்டர்னில் முன்கூட்டியே பதிந்து வைத்து, அதை ஓட்டுங்கள். ஓசை அடங்கியது ஹெட்ஃபோனில் உறுதியான பிறகு ஃபேடரை ஏற்றலாம்.