கெர்ன்சியின் வண்டித்தடங்களைக் காணச் செல்வோருக்கு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், பிளாட் கவுண்டியின் சிற்றூரான கெர்ன்சியை ஒட்டி, 19ஆம் நூற்றாண்டில் ஓரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குடிபெயர்ந்து சென்றவர்களின் சுவடுகள் பாறையில் பதிந்திருக்கின்றன. அவற்றைக் காண ஒரு முழுநாளை ஒதுக்கிக்கொண்டு, அவர்கள் சென்ற திசையிலேயே, கிழக்கிலிருந்து மேற்காகப் பார்த்து வாருங்கள். அவ்வாறு பார்க்கும்போதுதான் ஒவ்வோர் இடத்திலும் அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது விளங்கும்.

முதலில், பக்கத்துக் கோஷன் கவுண்டியிலுள்ள லாரமி கோட்டைக்குச் செல்லுங்கள். 1834இல் தோல் வணிகர்கள் அமைத்த இக்கோட்டையை 1849இல் ராணுவம் விலைக்கு வாங்கியது. லகோட்டா முதலிய அமெரிக்கப் பழங்குடி மக்களோடு 1868இல் செய்யப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மீறப்பட்ட ஒப்பந்தம் இக்கோட்டையின் பெயரையே தாங்கியுள்ளது. வண்டிகள் கடந்து சென்றது யாருடைய நிலம் என்பதை இங்கேயே அறிந்துகொண்டு மேலே செல்வதுதான் முறை.

அடுத்தது, கோட்டையிலிருந்து ஏறத்தாழ ஒருநாள் வண்டிப்பயணத் தொலைவில் நார்த் பிளாட் ஆற்றோரம் 100 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ரெஜிஸ்டர் கிளிஃப் என்னும் செங்குத்துப் பாறை. இரவு தங்கியவர்கள் அதன் மென்மையான கல்லில் பெயரையும் ஊரையும் தேதியையும் செதுக்கிச் சென்றார்கள். உச்சி வெயிலில் எழுத்துகள் மங்கிவிடுவதால், ஒளி பக்கவாட்டில் விழும் நேரமாகப் பார்த்துச் செல்லுங்கள். பிற்காலத்தவர் கிறுக்கிய பெயர்களும் கலந்திருப்பதால் ஆண்டைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1850இல் தன் பெயரைப் பொறித்த அன்தாங்க் என்னும் இளைஞர் சில நாள்களிலேயே, கிளென்ராக் அருகே காலராவால் இறந்தார்; அதே குடும்பத்தினர் 1869இலும் 1931இலும் இங்கு வந்து தம் பெயர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் தேடிப் படிக்காமல் திரும்பிவிடாதீர்கள். கல் எளிதில் உதிரக்கூடியது என்பதால் எழுத்துகளைத் தொடுவதும், அவற்றின் மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் கூடாது.

பிறகு கெர்ன்சிக்குத் தெற்கே, ஆற்றின் தென்கரையிலுள்ள வண்டித்தடங்களுக்கு வாருங்கள். ஆற்றோரத்தை விட்டு விலகி மணற்கல் மேட்டில் ஏற வேண்டியிருந்ததால், வண்டிகள் அனைத்தும் ஒரே இடத்தை மிதித்துச் சென்றன; இரும்புப் பட்டை பூட்டிய சக்கரங்களும் எருதுகளின் குளம்புகளும் ஆண்டுக்கணக்கில் அரைத்ததில் பாறை சில இடங்களில் 5 அடி ஆழம்வரை தேய்ந்துபோயிற்று. மேட்டின் மேலிருந்து படமெடுத்துக்கொண்டு திரும்பினால் இந்த ஆழம் பிடிபடாது. நடைபாதை வழியே தடத்தை நெருங்கிச் சென்று, பக்கச்சுவரின் உயரத்தை உங்கள் உடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடியேறிகளில் பலர் இவ்வழியைக் கடந்தது கோடையின் தொடக்கத்தில். நீங்களும் அப்பருவத்தில் செல்வதானால் குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்; கிலுகிலுப்பைப் பாம்பு (rattlesnake) போன்ற நச்சுப் பாம்புகள் உலவும் நாடு அது என்பதால் புதர்களுக்குள் கால் வைக்காதீர்கள். பொழுது மிச்சமிருந்தால் கெர்ன்சி மாநிலப் பூங்காவில் 1930களில் கட்டப்பட்ட அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம்; அது திறந்திருக்கும் மாதங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.