ஸ்பீக்கர் வயர் மிஞ்சினால் என்ன செய்வது?

என் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் முன்பு ஒரு வயர் உருண்டை கிடந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் வயர், ரெக்கார்ட் பிளேயரின் கேபிள், இரண்டு பவர் கார்டு, ஓர் அடாப்டர் என எல்லாவற்றின் மிச்சத்தையும் ஒன்றாகச் சுருட்டி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, அலமாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. ஆனால் இசைத்தட்டில் ஊசியை வைத்தால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். எர்த் வயரைக் கழற்றி மாட்டினேன், பிளக்கை மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் டையை வெட்டி, ரெக்கார்ட் பிளேயரின் கேபிளை மட்டும் உருவி ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். முனகல் தேய்ந்து போனது. கேபிளை அடாப்டர் பக்கம் கொண்டுபோனால் திரும்பி வந்தது, விலக்கினால் மறைந்தது. பத்துத் தடவையாவது அப்படிச் செய்து பார்த்திருப்பேன்.

மிச்ச வயரால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நீளத்தால் வருவதில்லை, சேர்க்கையால்தான் வருகின்றன. எனவே சுருட்டுவதற்கு முன் பிரியுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபிள்களை மூன்று குவியலாக்குங்கள்: மின்சாரம் கொண்டுவருபவை ஒன்று, ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒன்று, ரெக்கார்ட் பிளேயர், சிடி பிளேயர் போன்றவற்றிலிருந்து வரும் சிக்னல் கேபிள்கள் ஒன்று. முதல் குவியலுக்கு அலமாரியின் ஒரு பக்கம், மூன்றாவதற்கு எதிர்ப்பக்கம். இடையில் ஓர் அடி இருந்தால் நல்லது. இரண்டும் சந்தித்தே தீரவேண்டும் என்றால் கூட்டல் குறிபோலக் குறுக்காகச் சந்திக்கட்டும்; ஒட்டி உறவாடிக்கொண்டு நெடுந்தூரம் போகக் கூடாது. ஸ்பீக்கர் வயரில் ஓடும் சிக்னல் பலமானது, அது அவ்வளவு எளிதில் கெடாது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

அடுத்து, ஸ்பீக்கர் வயரை வெட்டலாமா என்ற கேள்வி. பொறுங்கள், வெட்டிய வயர் வளராது. முதலில் ஒரு கயிற்றை எடுத்து, வயர் போகும் வழியிலேயே மூலை முடுக்கெல்லாம் படிய வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர் பக்கம் அரை மீட்டரும் ஸ்பீக்கர் பக்கம் 30 சென்டிமீட்டரும் கூடுதலாக விடுங்கள். அதற்கும் மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் மிஞ்சுகிறது என்றால் நான் வெட்டமாட்டேன். 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு, போக ஒன்று வர ஒன்று என இரண்டு கம்பியும் சேர்த்து, மின்தடை சுமார் 0.023 ஓம். மூன்று மீட்டர் மிஞ்சினாலும் 0.07 ஓம்தான். வயரின் மொத்த மின்தடை ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு வரம்பு பாதியாகிவிடும். அங்கே வயர் போகும் தூரமும் நீளமாக இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாறுங்கள்.

இடது வயரும் வலது வயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அதற்காகவே அருகிலிருக்கும் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஐந்து மீட்டரைச் சுருட்டி வைப்பவர்களும் உண்டு. தேவையே இல்லை. மூன்று மீட்டர் கூடுதல் வயரை மின்சிக்னல் கடக்க ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. நீங்கள் நாற்காலியில் தலையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால், ஒலி காற்றில் வந்து சேரும் நேரம் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் மாறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே தடிமன் வயராக இருந்தால் போதும்.

சுருட்டி வைத்தால் வயர் காந்தச் சுருளாகி ஒலியைக் கெடுக்கும் என்ற பயமும் வேண்டாம். இரட்டைக் கம்பி வயரில் ஒன்றில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்பி வருகிறது. ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். இரண்டு கம்பிகளையும் பிரித்து, ஒன்றை மட்டும் சுற்றிவைக்காமல் இருந்தால் சரி.

சுருட்டும் முறை முக்கியம். முழங்கையில் வட்டமாகச் சுற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் வயருக்குள் ஒரு முறுக்கு ஏறி, பின்னொரு நாள் பிரிக்கும்போது சிக்கலாகி நிற்கும். தரையில் எட்டு என்ற எண்ணைப்போலப் போடுங்கள். வலமாக ஏறும் முறுக்கு இடமாக இறங்கிவிடும். நடுவில், எட்டின் இடுப்பில், வெல்க்ரோ பட்டையைத் தளர்வாகச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் டை வேண்டாம். வெட்டும்போது கத்தி கேபிளிலும் இறங்கிவிடும்.

வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை உரித்து, செம்பு இழைகளை விரல் நுனியால் ஒரே திசையில் முறுக்குங்கள். முறுக்கியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை தனித்து நீட்டிக்கொண்டிருந்தால்கூட, அது பக்கத்து முனையைத் தொட்டு ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபையரைக் காவு வாங்கலாம். மாட்டும்போது கோடு போட்ட கம்பி ஆம்ப்ளிஃபையரிலும் ஸ்பீக்கரிலும் ஒரே நிற முனைக்குப் போகட்டும். சந்தேகமிருந்தால் வயரின் ஒரு நுனி ஸ்பீக்கரிலேயே இருக்க, மறு நுனியை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகும் கம்பி பேட்டரியின் பிளஸ்ஸிலும் மற்றது மைனஸிலும் பட்டால் ஸ்பீக்கரின் பெரிய கூம்பு முன்னால் வரும். இரண்டு ஸ்பீக்கரிலும் கூம்பு முன்னால் வந்தால் இணைப்பு சரி.

நீளத்தைப் பற்றி நான் உண்மையாகவே கறாராக இருப்பது ரெக்கார்ட் பிளேயர் கேபிளில்தான். ஊசியைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகையாக இருந்தால், அது எவ்வளவு மின்தேக்கத்தை (கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு; அலகு பிகோஃபாரட்) தாங்கும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும். பலவற்றுக்கு 100 முதல் 300 வரை. கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் நூறைத் தின்றுவிடும். இங்கே மிச்சத்தைச் சுருட்டி ஒளித்தால் தீராது. குட்டைக் கேபிள் வாங்கி, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்திலேயே பிளேயரை வையுங்கள்.

ஒலிச் சிக்னலை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளைக் கைப்பிடி அளவுக்குக் குறைவாக வளைக்காதீர்கள். உள்ளே இருக்கும் இழை மடங்கினால் வெளிச்சம் கசியும். எச்டிஎம்ஐக்கும் அதே மரியாதை. எஃப்எம் ஆன்டெனா வயரை மட்டும் சுருட்டவே கூடாது, அது விரிந்து கிடந்தால்தான் வேலை செய்யும். பவர் கார்டின் மிச்சத்தையும் தளர்வாகவே விடுங்கள். கம்பளத்துக்கு அடியிலோ காற்றுப் புகாத மூலையிலோ இறுக்கிச் செருகினால் சூடு வெளியேற வழியிருக்காது.

எல்லாம் முடிந்ததும், அலமாரியைச் சுவரோடு தள்ளும் முன், ஆம்ப்ளிஃபையரை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்து, பின்பக்கம் தெரியும்படி திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு கேபிள் விறைத்து நின்றால், எட்டிலிருந்து ஒரு சுற்றை அவிழ்த்து அதற்குக் கொடுத்துவிடுங்கள்.