வாட்ச், சைக்கிள்: விற்கும் விலையை வாங்கும் முன்பே கணக்குப் போடுவது எப்படி?

"நல்ல வாட்ச் வாங்கினால் காசு எங்கேயும் போகாது" என்று நண்பர்கள் சொன்னதை நம்பி 2022-ல் ஒரு செகண்ட் ஹேண்ட் சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கினேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள். இரண்டையும் மூன்று மூன்று வருடம் வைத்திருந்து விற்றுவிட்டேன். கீழே இருப்பது விற்கும்போது கற்றுக்கொண்ட கணக்கு.

படி 1: வாட்சுக்கு ரெஃபரன்ஸ் எண் (எந்த மாடல் என்று சொல்லும் எண்), சைக்கிளுக்கு மாடல் வருடமும் ஃபிரேம் சைஸும் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 2: கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைத் தேடுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நான் 2,10,000 ரூபாய் கொடுத்த வாட்சை இணையத்தில் ஒருவர் 2,60,000 என்று போட்டிருந்தார். லாபம் என்று துள்ளினேன். ஏழு மாதம் கழித்தும் அந்த விளம்பரம் அங்கேயே கிடந்தது. வாட்ச் விற்கும் இணையச் சந்தையான குரோனோ24-ல் கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படிக் கேட்கும் விலைதான். ஈபேயில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் முடிந்த வியாபாரங்கள் மட்டும் வரும். என் ஓட்டு அதற்குத்தான்.

எந்த வருடத்து விலை என்றும் பாருங்கள். கொரோனா காலத்தில் ஏறிய பழைய வாட்ச் விலை 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கியது. ரோலெக்ஸ் டேட்டோனாவும், 2021-ல் தயாரிப்பை நிறுத்திய பட்டேக் ஃபிலிப் நாட்டிலஸ் 5711-ம்கூட இறங்கின. இறங்கியும் ஷோரூம் விலைக்கு மேலேயே நின்றன என்பது உண்மை. இப்படி ஒரு சில மாடல்களை வைத்துத்தான் வாட்ச் ஒரு முதலீடு என்ற பேச்சே கிளம்புகிறது. மற்ற பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதுமே விலை குறைபவை.

சைக்கிளுக்கு 2020, 21-ல் ஸ்டாக் இல்லாததால் பழையதுக்கும் மவுசு. 2023-ல் ஸ்டாக் தேங்கி, புதியதே தள்ளுபடியில் வந்தது. அப்புறம் பழையதை யார் சீந்துவார்கள்?

படி 3: நிலையைப் பார்த்துக் கழியுங்கள். வாட்சுக்குப் பெட்டி, வாரண்டி கார்டு இரண்டும் வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தன. ஆனால் கடைக்காரர் லூப் என்ற சின்ன உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஸ்ட்ராப் மாட்டும் லக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போட்டுட்டீங்களே சார்" என்றார். சர்வீசிலிருந்து பளபளவென்று வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அந்த பாலிஷில் லக்கின் கூரான ஓரம் மழுங்கிப்போயிருந்தது. 1,60,000-க்கு மேல் அவர் ஏறவே இல்லை. சர்வீசுக்குக் கொடுக்கும்போதே 'பாலிஷ் வேண்டாம்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சைக்கிள் செயினை அளக்கத் தனிக் கருவி எதற்கு? ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதிலிருந்து 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 8-ல் ஒரு பங்கு என்றால் கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) பெரும்பாலும் காலி.

படி 4: செலவைக் கூட்டி, வகுங்கள். வாட்ச் கடைசியில் தெரிந்தவர் ஒருவருக்கு 1,75,000-க்குப் போனது. நஷ்டம் 35,000, சர்வீஸ் 28,000; ஆக வருடத்துக்கு 21,000. சைக்கிள் 1,35,000-க்கு வாங்கி 62,000-க்கு விற்றது. டயர், செயின் வகையில் 22,000 சேர்த்தால் மொத்தம் 95,000 போச்சு. வாட்சைவிட அதிகம்தான். ஆனால் ஓட்டியது 9,500 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். அடுத்து வாங்கப்போவதும் சைக்கிள்தான்.

பிற்சேர்க்கை: ஷிமானோ கம்பெனியின் பழைய சைக்கிள் பாகங்கள் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார், நான் விட்டுவிட்டேன். 2012 முதல் 2019 வரை செய்த 11 ஸ்பீடு அல்டெக்ரா, டியூரா-ஏஸ் மாடல் கிராங்குகள் (பெடல் மாட்டும் கைகள்) சிலவற்றில் ஒட்டு பிரிந்ததால், அவற்றைப் பரிசோதித்து மாற்றித் தருவதாக 2023-ல் ஷிமானோ அறிவித்தது. பெடல் மாட்டும் இடத்தின் பின்பக்கம், எப்போது செய்தது என்று சொல்லும் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். பழைய சைக்கிளுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.